செயினுக்குத் தெரியாது அடுத்த சர்வீஸ் எப்போதென்று

ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் போன மாதம் புது பைக் எடுத்தான். முதல் இலவச சர்வீஸ் முடித்து வந்த அன்று கேன்டீனில் கேட்டான், "நீ உன் வண்டிய நீயே பாத்துக்கிறியே, வருஷத்துக்கு எவ்ளோடா மிச்சமாகுது?" நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். அந்தத் தொகையைக் கேட்டதும் அவன் முகம் சப்பென்று ஆகிவிட்டது. "இவ்ளோதானா? இதுக்கா சனிக்கிழம காலைல கையெல்லாம் கரியாக்கிட்டு உக்காந்திருக்க?" என்றான். அங்கே சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கணக்கு. என்னுடையது 2017 மாடல், 150 சிசி, கார்புரேட்டர் வண்டி. சென்னையில் வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர் போய்வர ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் சுமார், வார இறுதிச் சுற்றலும் சேர்த்தால் வருஷத்துக்கு 9,000 வரும். 3,000-க்கு ஒரு தடவை ஆயில் மாற்றுகிறேன் என்றால் வருஷத்துக்கு மூன்று தடவை. ஆயில் விலை எங்கே வாங்கினாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், மிச்சமாவது லேபர் சார்ஜும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், அப்புறம் பில்லின் கடைசியில் வரும் கிரீஸ், கிளீனர், பாலிஷ் மாதிரி சில்லறை ஐட்டங்களும். எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 800 முதல் 1,000 ரூபாய். வருஷத்துக்கு மூவாயிரத்துக்குள்தான். நான் டூல்ஸ் வாங்கியதே 4,500 ரூபாய்க்கு. ஆக முதல் ஒன்றரை வருஷம் மிச்சம் என்று ஒரு ரூபாய்கூட இல்லை. பணத்துக்காக மட்டும் இதில் இறங்க நினைப்பவர்கள் தாராளமாக டீலரிடமே விட்டுவிடலாம், அதில் தப்பே கிடையாது.

நான் இறங்கியது வேறு காரணத்துக்காக.

2019-ல் ஒரு நாள் சாயங்காலம், பள்ளிக்கரணையிலிருந்து துரைப்பாக்கம் போகும் 200 அடி ரோட்டில் செயின் கழன்றுவிட்டது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் என்ஜின் மட்டும் அலறுகிறது, சக்கரத்துக்கு எதுவும் போகவில்லை, பின்னால் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்குகிறது. எப்படியோ ஓரம் கட்டினேன். அந்த ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே ஓரம் கட்டுவது அவ்வளவு சுலபமில்லை. செயின் வெளியே விழுந்ததோடு போயிற்று, சக்கரத்துக்கும், செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் சிக்கியிருந்தால் பின்சக்கரம் அப்படியே லாக் ஆகியிருக்கும். அன்றைக்கு அது தெரியாது. பிறகு தெரிந்துகொண்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குக் கோபமாகப் போனேன். இரண்டு மாதத்துக்கு முன்தான் 2,800 ரூபாய் கட்டி ஜெனரல் சர்வீஸ் செய்திருந்தேன், பில்லில் செயின் கிளீனிங், அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் இருந்தது. பில்லை நீட்டினேன். அங்கே இருந்தவர் மீட்டரைப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார், "சர்வீஸ் ஆகி 1,800 கிலோமீட்டர் ஓடியிருக்கு சார். நடுவுல செயின யாராவது பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. அந்த இரண்டு மாதமும் மழை வேறு. வண்டி வாங்கும்போது கொடுத்த புத்தகத்தை அன்றிரவு முதல்முறையாகப் பிரித்துப் பார்த்தேன். செயினை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை சுத்தம் செய்து எண்ணெய் போட வேண்டும், தொய்வு 25 முதல் 35 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. என் கணக்கில் 500 என்பது மூன்று வாரம். சர்வீஸ் சென்டர் என் வண்டியைப் பார்ப்பது மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை.

என் மனதை மாற்றியது இந்த இடைவெளிதான். நாமே பார்ப்பதா டீலரிடம் கொடுப்பதா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுபோலத்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் வண்டிக்குத் தேவைப்படுவதில் பாதி, இரண்டு சர்வீஸ்களுக்கு நடுவில் வருகிறது. டயரில் காற்று வாரா வாரம் குறைகிறது, செயின் மூன்று வாரத்தில் காய்கிறது, கிளட்ச் கேபிள் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடுகிறது, பிரேக் பேட் ஒவ்வொரு சிக்னலிலும் தேய்கிறது. டீலர் உலகத்திலேயே நல்லவராக இருந்தாலும் தினமும் என் பார்க்கிங்குக்கு வரப்போவதில்லை. அந்தப் பாதியை நான் பார்க்காவிட்டால் பார்க்க ஆளே கிடையாது.

செயினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்னையில் நான் பார்க்கிற பத்து வண்டியில் பாதிக்கு மேல் செயின் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது. சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள், நியூட்ரலில் வையுங்கள், சாவியை எடுத்துவிடுங்கள். சாவியை எடுக்கச் சொல்வது சும்மா இல்லை. என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடித்துத் துடைக்கிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன், துணி ஸ்பிராக்கெட்டில் மாட்டினால் விரலும் கூடவே போகும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் ஒரு ஸ்கேலை நிறுத்தி, விரலால் மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்தால் தொய்வு எவ்வளவு என்று தெரியும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடாதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நான்கைந்து இடத்தில் பார்க்க வேண்டும், பழைய செயினில் ஒரு இடம் இறுக்கமாகவும் இன்னொரு இடம் தளர்வாகவும் இருக்கும். இறுக்கமான இடத்தை வைத்துத்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். தளர்ந்த இடத்தை வைத்து இறுக்கினால் மற்ற இடத்தில் விறைத்துக்கொண்டு பேரிங்கைத் தின்றுவிடும். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்ப வேண்டும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் அதற்கென்று கோடுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் குறைய இருந்தால் சக்கரம் கோணலாக நிற்கும்.

சுத்தம் செய்ய முன்னெல்லாம் மண்ணெண்ணெய்தான். இப்போது ரேஷனில் அது கிடைப்பதே அரிது என்பதால் செயின் கிளீனர் ஸ்பிரே வாங்கிக்கொள்கிறேன். பெட்ரோல் மட்டும் வேண்டாம், ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் வைத்த செயினாக இருந்தால் அந்த ரப்பரைப் பாழாக்கிவிடும், தீப்பிடிக்கிற ஆபத்து வேறு. துடைத்துக் காய்ந்ததும் 90 கிரேடு கியர் ஆயில் அல்லது செயின் லூப், உட்பக்கமாக, கொஞ்சமாக. ராத்திரி வண்டியை நிறுத்தும்போது போட்டால் காலைக்குள் உள்ளே இறங்கிவிடும், போட்ட உடனே ஓட்டினால் பாதி எண்ணெய் ரிம்மிலும் டயரிலும்தான் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் 500 கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. தேங்கிய தண்ணீரில் போய்வந்தால் அன்றைக்கே துடைத்து எண்ணெய் போட்டுவிடுகிறேன்.

இப்படிப் பார்த்துக்கொண்டதில் அடுத்து மாற்றிய செயின் செட் முந்தையதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம் ஓடியது. மாற்றும்போது செயினை மட்டும் மாற்றாதீர்கள், முன்பின் ஸ்பிராக்கெட்டுகளோடு செட்டாக மாற்றுங்கள். பழைய ஸ்பிராக்கெட்டின் பல் கொக்கி மாதிரி வளைந்திருக்கும், புதுச் செயினை அது சீக்கிரமே இழுத்துவிடும்.

செயினுக்கு அடுத்து நான் தொட்டது ஏர் ஃபில்டர். ஆபீஸ் போகிற ஓஎம்ஆர் சாலையில் மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து அந்தத் தூசியில் தினமும் போய்வருகிற வண்டிக்கு, புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு போதவில்லை. திறந்து பார்ப்பதற்கு நான்கு ஸ்க்ரூதான். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவிப் போடலாம், காகித ஃபில்டர் அப்படியில்லை. அதிலும் சில வண்டிகளில் எண்ணெய் ஊறிய காகிதம் வருகிறது, அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். என் வண்டியில் இருப்பது அந்த வகை. ஒருமுறை சர்வீஸ் முடிந்து வந்த வண்டியில் திறந்து பார்த்தபோது அதைக் கம்ப்ரெசரில் காற்றடித்துத் திரும்ப மாட்டியிருந்தார்கள், பில்லில் "ஏர் ஃபில்டர் கிளீனிங்" என்று அதற்குத் தனியாகக் காசு. யாரோ வேண்டுமென்று ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மெக்கானிக்குக்கு ஒரு நாளில் எத்தனை வண்டி தலையில் விழுகிறது என்பதைச் சனிக்கிழமை மதியம் எந்த சர்வீஸ் சென்டருக்குப் போனாலும் பார்க்கலாம். அந்த அவசரத்தில் எல்லா வண்டிக்கும் ஒரே வேலைதான் நடக்கும். நான் திறந்து பார்த்ததால் எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆயில் மாற்றுவதில் நான் ஒரு தப்பு செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை மாற்றும்போது, கசிந்துவிடுமோ என்ற பயத்தில், அடியில் ஆயிலை வடிக்கத் திறக்கும் ட்ரெயின் போல்ட்டை நீளமான ஸ்பானர் போட்டு இறுக்கினேன். சட்டென்று இளகியது. கையில் அது தெரியும், இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று வெண்ணெயில் சுற்றுகிற மாதிரி ஆகிவிடும். திரெட் போய்விட்டது. போல்ட் இரும்பு, என்ஜின் அடிப்பாகம் அலுமினியம், இரண்டில் எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டியை ஆயில் இல்லாமல் மினி லாரியில் ஏற்றி, லேத்தில் கொடுத்து, துளையைப் பெரிதாக்கி உள்ளே இன்செர்ட் வைத்து, இரண்டு நாள், 1,400 ரூபாய். அதன்பிறகுதான், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கினேன். புத்தகத்தில் அந்த போல்ட்டுக்கு 30 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது. அது எவ்வளவு குறைவான இறுக்கம் என்பது அந்த ரெஞ்சில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. கசியாமல் காப்பது போல்ட்டின் வாஷர். அதை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட்டால் போதும், பத்து இருபது ரூபாய்தான்.

ஆயில் வாங்கும்போது கிரேடு மட்டும் பார்த்தால் போதாது. டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக்குறியீடு, ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். கியர் வைத்த பைக்குகள் அநேகமாக எல்லாவற்றிலும் கிளட்ச் பிளேட்டும் அதே என்ஜின் ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள்கள் அந்தக் கிளட்சை வழுக்க வைத்துவிடும். என் மாமா ஒருமுறை, கார் சர்வீஸில் மிஞ்சிய அரை லிட்டர் ஆயிலை வீணாக்க வேண்டாமே என்று வண்டியில் ஊற்றப் பார்த்தார், நல்லவேளை நான் அங்கே இருந்தேன்.

அப்புறம் அந்தப் பழைய ஆயில். இதை எல்லோரும் சொல்வதில்லை, நான் சொல்லியே ஆக வேண்டும். வேளச்சேரியில் சாக்கடையிலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்றுவது போய்ச் சேருகிற இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-ல் ராம்சர் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம் அது, பூநாரை வந்து இறங்குகிற இடம். நான் பழைய ஆயிலை அதே புது ஆயில் டப்பாவில் ஊற்றி மூடி, எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் கடையில் பேரல் இருக்கிறது, நிறைந்ததும் எடுத்துப்போக ஆள் வருகிறார். அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கீழே விரித்துக்கொண்டால் பார்க்கிங் தரையிலும் கறை விழாது, அப்பார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு இது முக்கியம்.

இனி 2023 டிசம்பரில் நடந்த கதை. மிக்ஜாம் புயல் வந்த அந்த 3, 4 தேதிகளில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் இருந்தவர்கள் யாரும் மறக்கப்போவதில்லை. எங்கள் பார்க்கிங்கில் தண்ணீர் சீட் வரைக்கும் வந்தது. மேலே மாடியிலிருந்து பார்த்தால் ஹேண்டில் பார்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை. தண்ணீர் இறங்கிய அன்று காலையில் கீழே போனபோது, முதல் மாடித் தம்பி ஒருவன் தன் வண்டியில் சாவியைப் போட்டு செல்ஃப் அழுத்தப் போனான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது, கிக்கரும் அடிக்கக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், காற்று மாதிரி அது அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் இடம் கொடுக்காமல் நிற்கும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதோடு செலவு பல ஆயிரங்களுக்குப் போய்விடும்.

என் வண்டிக்கு நான் செய்தது இதுதான். பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றினேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்தினேன், பிளக் ஓட்டை வழியாகச் சேறு கலந்த தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. ட்ரெயின் போல்ட்டைத் தளர்த்தியதும் முதலில் வந்தது வெறும் தண்ணீர். ஆயிலைவிடக் கனம் என்பதால் அதுதான் அடியில் நிற்கும். பின்னாலேயே பால் காபி நிறத்தில் ஆயில். ஏர் ஃபில்டர் பெட்டியில் அரை சொம்பு தண்ணீர். கார்புரேட்டர் அடியில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி அதையும் வடித்தேன், பெட்ரோல் டேங்கை முழுதாகக் காலி செய்தேன். கடை திறந்ததும் இருப்பதிலேயே விலை குறைந்த ஆயில் இரண்டு லிட்டர் வாங்கி, ஒரு லிட்டர் ஊற்றி, பத்து நிமிஷம் ஓடவிட்டு, வடித்தேன். மறுபடி பால் நிறம்தான். மறுபடி ஊற்றி, வடித்தேன். மூன்றாவது தடவை நல்ல ஆயில், அதையும் 300 கிலோமீட்டரில் மாற்றிவிட்டேன். பின் பிரேக் டிரம்மைத் திறந்து சேற்றைக் கழுவினேன். வீல் பேரிங்குகளை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தன, பிப்ரவரியில் ஒவ்வொன்றாகச் சத்தம் போட ஆரம்பித்தன. இன்னொரு தடவை இப்படி நடந்தால் அதை முதலிலேயே மாற்றிவிடுவேன்.

அந்தத் தம்பியின் வண்டியை நான் தொடவில்லை. அது பிஎஸ்6 என்கிற புதுப் புகை விதிப்படி வந்த வண்டி, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், ஏபிஎஸ். பேட்டரி வயரை மட்டும் கழற்றச் சொல்லிவிட்டு, "இத டோ பண்ணி கம்பெனிக்கே அனுப்பிடு தம்பி, எவ்ளோ நாள் ஆனாலும் பரவால்ல" என்றேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு வருகிற வண்டிகளில் சென்சார், வயரிங், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ என்று நிறைய இருக்கிறது. தண்ணீர் போன கனெக்டர் எது, எரர் கோடு என்ன என்று பார்க்க அவர்களிடம் உள்ள டயக்னாஸ்டிக் டூல் வேண்டும். அவன் காத்திருந்தது கிட்டத்தட்ட ஐந்து வாரம், இன்சூரன்ஸ் சர்வேயர் வர வேண்டியிருந்தது, பில்லும் பெரிதுதான். ஆனால் வண்டி ஒழுங்காக வந்தது. அந்த வேலையை நானோ தெரு மெக்கானிக்கோ செய்திருக்க முடியாது.

அதனால் டீலர் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். வாரன்டி முடிகிற வரைக்கும் எல்லா சர்வீஸையும் அங்கேயே செய்து, பில்லைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு என்ஜினில் ஏதாவது என்றால் முதலில் கேட்பதே அதைத்தான். வாரன்டி முடிந்த பிறகும் நான் சில வேலைக்கு அங்கேதான் போகிறேன். பிரேக் ஃப்ளூயிட் அதில் ஒன்று. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. புது டாட் 4 ஃப்ளூயிட்டின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியதற்குத் தரக்கணக்கு 155 டிகிரிதான். சூடேறும்போது உள்ளே ஆவி கட்டினால் லீவர் தொளதொளவென்று ஆகிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியாது என்றில்லை. காற்றுக் குமிழ் ஒன்று உள்ளே நின்றுவிட்டதா என்று சந்தேகத்தோடு நூறடி ரோட்டில் பிரேக் பிடிக்க நான் தயாராக இல்லை, அவ்வளவுதான். பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை மட்டும் நானே டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

டீலரிடம் விடும்போதும் இப்போது நான் விடுகிற விதம் மாறிவிட்டது. செவ்வாய், புதன் மாதிரி வேலை நாளில், திறந்த உடனே போகிறேன். "ஜெனரல் சர்வீஸ்" என்று மட்டும் சொல்லாமல், எந்த வேகத்தில் எந்தப் பக்கம் என்ன சத்தம் என்று ஜாப் கார்டில் எழுத வைக்கிறேன். மாற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். பாலிஷ், கோட்டிங் எல்லாம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியைப் பற்றித் தெரிந்த ஆள் என்று புரிந்தால் அவர்களும் வேறு மாதிரிதான் பேசுகிறார்கள், மெக்கானிக்கே வெளியே வந்து விளக்குகிறார்.

பார்ட்ஸ் வாங்குவதும் பெரும்பாலும் டீலரின் பார்ட்ஸ் கவுன்ட்டரில்தான். ஜி.பி. ரோட்டில் சுற்றுவது எனக்குப் பிடிக்கும், சீட் கவர், லைட், கண்ணாடி என்று அங்கே கிடைக்காதது இல்லை. புதுப்பேட்டையிலும் பழைய வண்டிகளிலிருந்து பிரித்த சைடு பேனல், ஃபுட்ரெஸ்ட் நல்ல விலையில் வாங்கியிருக்கிறேன். ஆனால் பிரேக் ஷூ, பேட், கேபிள், பேரிங் இவற்றில் விலை பார்க்க மாட்டேன். ஒரிஜினல் மாதிரியே அட்டைப்பெட்டி போட்டு வருகிற போலிகளைக் கண்ணால் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

மெக்கானிக் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது பாதிதான். டீலருக்கும் எனக்கும் நடுவில் இருக்கிறவர் அவர். இருபது வருஷத்துக்கு மேல் அதே தெருவில் கடை, ஒரு ஷெட், ஒரு பையன். என்ஜின் வால்வை அழுத்தும் டேப்பெட்டின் சத்தத்தை, வண்டி கடைக்கு வரும் முன்பே தூரத்திலேயே கேட்டுச் சொல்லிவிடுவார். டேப்பெட் செட் செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டபோது, "காலைல வா தம்பி, என்ஜின் சூடு ஆறியிருக்கணும். சூட்டுல செட் பண்ணா அளவு தப்பாயிடும்" என்றார். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை என் கையில் கொடுத்து, எவ்வளவு உராய்வில் அது நழுவ வேண்டும் என்று என் விரலையே பிடித்துக் காட்டினார். அதை எந்த வீடியோ பார்த்தும் கற்றுக்கொள்ள முடியாது. ஹேண்டில் பாரின் பேரிங்கான கோன் செட், ஃபோர்க் ஆயில் சீல், கிளட்ச் பிளேட், என்ஜின் திறக்கிற எந்த வேலையும் அவரிடம்தான். அவரிடம் நான் பேரம் பேசுவதே கிடையாது. ஆயில் மாற்றுவதை நானே செய்துகொள்வதால் அவருக்கு வருமானம் குறைகிறதே என்று ஒருநாள் சங்கடத்தோடு சொன்னேன். "நீ செயினுக்கு எண்ணெ போட்டுட்டு வர்றதால எனக்கு வேல சுத்தமா இருக்குப்பா. சேத்தோட வர்ற வண்டியக் கழுவவே ஒரு மணி நேரம் போகுது" என்றார்.

நண்பனுக்கு நான் கேன்டீனில் சொல்லாமல் விட்டது இதெல்லாம்தான். போன வாரம் அவனுடைய வண்டியின் பின்னால் சீட்டில் உட்கார்ந்து தரமணி வரைக்கும் வந்தேன். கியர் மாற்றும்போதெல்லாம் கீழிருந்து டக், டக் என்று ஒரு தட்டல். அவனுக்கு அது கேட்கவே இல்லை, புது வண்டி என்ற சந்தோஷத்தில் இருக்கிறான். இறங்கியதும் குனிந்து செயினை விரலால் தூக்கிப் பார்த்தேன், 50 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஆடியது. முதல் சர்வீஸ் ஆகி 700 கிலோமீட்டர்தான். புதுச் செயின் ஆரம்பத்தில் கொஞ்சம் சீக்கிரமே இழுபடும், அதில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அவனுடைய அடுத்த சர்வீஸ் மார்ச்சில்.

இந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த வண்டியின் புத்தகத்தையும் கூடவே எடுத்துவரச் சொன்னேன், சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் இருக்கிறதாம்.